கோக்கைன்: சட்டம் கண்டதும் இதயம் கண்டதும்



தலைமையுரை ஆற்றுபவர் வரவிருக்கும் கட்டுரைகளைப் பாராட்டி நாலு வார்த்தை சொல்லிவிட்டு அமர்வது வழக்கம். அதை அமர்வுத் தலைவர்கள் என்னைவிட நன்றாகச் செய்வார்கள். நான் வேறொன்றைப் பேச விரும்புகிறேன். கோக்கைனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்கள் மருத்துவர்கள். நூறு ஆண்டு கழித்து, அதைப் பற்றி இல்லாத பூதத்தைக் கிளப்பியவர்களிலும் மருத்துவர்கள் உண்டு. இந்த இரண்டு ஆரவாரத்துக்கும் நடுவில், உண்மையில் அடிபடும் உறுப்புகளைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போனது.

1860இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஆல்பர்ட் நீமன் கோக்கா இலையிலிருந்து கோக்கைனைப் பிரித்தெடுத்தார். 1884இல் வியன்னாவின் கார்ல் கோலர் அதன் கரைசலைக் கண்ணில் விட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே வலியின்றி அறுவை செய்யலாம் என்று காட்டினார். அது பெரும் வரம்தான். அதே ஆண்டில் பிராய்டு கோக்காவைப் புகழ்ந்து எழுதினார்; மார்பினிலிருந்து மீட்பதற்கென்று தம் நண்பர் பிளைஷ்ல்-மார்க்சோவுக்குக் கோக்கைனைக் கொடுத்தார். நண்பர் இரண்டுக்கும் அடிமையாகி 1891இல் இறந்தார். நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட், கோக்கைனால் நரம்பை மரக்கச் செய்யும் முறையைத் தம் உடம்பிலேயே சோதித்தார். 1885இல் அவர் வெளியிட்ட கட்டுரையைப் படித்தால் தலையும் புரியாது, காலும் புரியாது. அறுவை மருத்துவப் பயிற்சிக்கே இலக்கணம் வகுத்த அந்த மனிதர் கடைசிவரை போதைப் பழக்கத்தோடு மல்லாடினார். மன உறுதி இல்லாதவன்தான் இதில் விழுவான் என்று வார்டில் யாராவது சொன்னால், அவரிடம் ஹால்ஸ்டெட்டின் கதையைச் சொல்லுங்கள்.

1986ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் லென் பயஸ், 22 வயது. ஜூன் 17இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 19ஆம் தேதி கோக்கைனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்துபோனார். நாடே அதிர்ந்தது. அக்டோபரிலேயே புதிய போதைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. புகைக்கும் வகைக் கோக்கைனான கிராக்கை 5 கிராம் வைத்திருந்து விற்பவருக்கும் 500 கிராம் தூள் விற்பவருக்கும் ஒரே ஐந்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனை: ஒன்றுக்கு நூறு. பயஸ் இழுத்தது தூள் என்றுதான் உடனிருந்தவர்கள் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். ஆனால் சட்டத்தின் சம்மட்டி விழுந்தது கிராக் புழங்கிய ஏழைக் கறுப்பினக் குடியிருப்புகளின் மீது. 2010இல்தான் அந்த விகிதம் ஒன்றுக்குப் பதினெட்டாகக் குறைந்தது.

தூள், கிராக் இரண்டும் வேதியியலில் ஒரே கோக்கைன்தான். தூள் அதன் உப்பு, கிராக் அதன் காரம். தூளைச் சூடேற்றினால் பெரும்பகுதி கருகிப்போகும். கிராக் ஆவியாகும், நுரையீரல் வழியே சில விநாடிகளில் மூளையை எட்டும். மூக்கில் இழுத்தால் கிறக்கம் 15 முதல் 30 நிமிடம் நிற்கும், புகைத்தால் 5 முதல் 10 நிமிடம்தான். வேகமாக ஏறி வேகமாக இறங்குவதால் கை மறுபடி மறுபடி அதையே தேடும். கிராக் கூடுதலாக அடிமையாக்குவதற்குக் காரணம் இந்த வேகமே. ஆகவே சட்டம் முழுப் பொய்யில் நிற்கவில்லை. நூறு மடங்கு என்ற கணக்குக்கு மட்டும் மருத்துவத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.

இதயம் இந்த வேறுபாட்டையெல்லாம் பார்ப்பதில்லை. கோக்கைன் ஒரே நேரத்தில் இதயத்தை விரட்டி ஓட்டுகிறது, இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, இதயத்துக்கே இரத்தம் தரும் தமனிகளைச் சுருக்குகிறது, இரத்தம் உறைவதைத் தூண்டுகிறது. போதாக்குறைக்குச் சோடியம் வாயில்களை அடைத்துத் துடிப்பின் ஒழுங்கையும் குலைக்கிறது. எடுத்துக்கொண்ட முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் சுமார் 24 மடங்கு கூடுகிறது என்று 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு கணித்தது. ஆனாலும் முப்பது வயதுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் வாயுத் தொல்லை என்று அனுப்பிவிடும் அவசரம் எல்லா ஊர்களிலும் உண்டு. மது சேர்ந்தால் கல்லீரலில் கோக்கஎத்திலீன் உருவாகி இதயத்தை இன்னும் நெடுநேரம் வாட்டும். பக்கவாதம், வலிப்பு, பெருந்தமனிக் கிழிவு, மூக்குத் தண்டில் ஓட்டை, கிராக் புகைப்பவர்களின் நுரையீரலில் இரத்தக் கசிவு: இவற்றைப் பிற்பகல் கட்டுரைகள் விரிவாகச் சொல்லும்.

குழந்தைகள் விஷயத்தில் நாம் தலைகுனிய வேண்டும். 1985இல், கர்ப்பகாலத்தில் கோக்கைன் எடுத்த 23 தாய்மாரை மட்டும் வைத்து எழுதிய ஒரு தொடக்கநிலை ஆய்வைப் பிடித்துக்கொண்டு, மூளை கெட்ட ஒரு தலைமுறையே பிறக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் குழுவினர் அத்தகைய குழந்தைகளை இருபது ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். அறிவு வளர்ச்சியைப் பாதித்ததில் கோக்கைனைவிட வறுமையின் கைதான் ஓங்கியிருந்தது. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல், குறைமாதப் பிரசவம், எடைக் குறைவு ஆகிய மெய்யான ஆபத்துகள் இருக்கவே இருக்கின்றன. அவற்றைச் சொன்னாலே போதுமே! மிகைப்படுத்தியதால் பயந்துபோன கர்ப்பிணிகள் பரிசோதனைக்கே வராமல் ஒளிந்துகொண்டார்கள்.

இப்போது பெண்டானில் என்ற ஓப்பியாய்டின் கலப்பு வந்து பழைய கணக்குகளைப் புரட்டிப் போட்டிருக்கிறது. 2022இல் அமெரிக்காவில் கோக்கைன் தொடர்புள்ள மிகையளவு மரணங்கள் 27,000ஐத் தாண்டின. பெரும்பாலானவற்றில் ஓப்பியாய்டும் இருந்தது. ஓப்பியாய்டு முறிவு மருந்தான நலோக்சோன் கோக்கைனை முறிக்காது, ஆனால் கலந்திருக்கும் பெண்டானிலை முறிக்கும். மூச்சுத் தளர்ந்து கிடப்பவருக்குக் கொடுக்கத் தயங்கக் கூடாது.

கோக்கைன் பழக்கத்துக்கென்று அங்கீகாரம் பெற்ற மாத்திரை இன்றும் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் போதை இல்லையென்றால் சிறு பரிசுச் சீட்டு தரும் முறைக்குத்தான் வலுவான சான்று இருக்கிறது. அடிமைக்குப் பரிசா என்று நிதி அதிகாரிகள் முகம் சுளிப்பார்கள். மாரடைப்பு வார்டின் ஒரு நாள் செலவைக் காட்டினால் சுளிப்பு அடங்கும்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு நோயாளியைப் பற்றிச் சொல்லும்போதும் எந்த வழியில் எடுத்தார், எவ்வளவு நேரத்துக்கு முன், மது சேர்ந்ததா என்ற மூன்றையும் தவறாமல் சொல்லுங்கள். நோயாளியிடம் அவற்றைக் கேட்கும்போது காவலர் குரலில் கேட்காதீர்கள், உண்மை வராது. முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.