விமானி அறைக்குள் ஒரு கேமரா

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கற்பித்தலில் காணொலியின் பயன்பாடு என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதைப் பற்றி நாம் கேட்காத பேச்சா! ஆகவே இன்று வகுப்பறையை விட்டுக் கொஞ்சம் மேலே போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். தான் செய்யும் வேலையைப் படம்பிடித்து, அதைத் தானே உட்கார்ந்து பார்த்து, அடுத்த முறை திருத்திக்கொள்வதையே தொழிலின் பாதியாக வைத்திருப்பவர்கள் வான் சாகச விமானிகள். அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகளுக்கு வானம் புதிதல்ல. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால் பள்ளி மைதானத்தில் நின்றே பார்க்கிறார்கள். 2024 அக்டோபர் 6ஆம் தேதி, இந்திய விமானப்படையின் 92ஆவது ஆண்டு விழாவுக்காக மெரினாவில் நடந்த சாகச நிகழ்ச்சியைச் சிலர் நேரில் பார்த்தார்கள், மற்றவர்கள் கைப்பேசியில் பார்த்தார்கள். அடுத்த நாள் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், இடிச்சுக்காம எப்படிப் போறாங்க? எங்க பிராக்டிஸ் பண்ணுவாங்க?" நல்ல கேள்வி. இரண்டாவது கேள்வி இன்னும் நல்ல கேள்வி.

மெரினாவில் பறந்த சூரியகிரண் அணி 1996இல் கர்நாடக மாநிலம் பீதரில் தொடங்கப்பட்டது. முதலில் கிரண் பயிற்சி விமானங்களில் பறந்தார்கள். 2011இல் அணி நிறுத்தப்பட்டது. 2015இல் ஹாக் விமானங்களோடு மீண்டும் வந்தது. ஒன்பது விமானங்கள் சில மீட்டர் இடைவெளியில் ஒன்றாகப் பறக்கும். பக்கத்தில் பறப்பவர் தரையையோ அடிவானத்தையோ பார்ப்பதில்லை. தலைவர் விமானத்தின் உடலில் சில இடங்களைக் குறியாக வைத்துக்கொண்டு, அவை கண்ணுக்கு எப்போதும் ஒரே மாதிரி தெரியும்படி தன் விமானத்தை ஓட்டுகிறார். தலைவரின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒத்திகை என்ற சொல்லை நாம் ஆண்டுவிழாவுக்கு லேசாகப் பயன்படுத்துகிறோம். 2019 பிப்ரவரி 19ஆம் தேதி, பெங்களூரு எலகங்காவில் ஏரோ இந்தியா கண்காட்சி தொடங்குவதற்கு முந்தைய நாள், ஒத்திகையின்போது இந்த அணியின் இரண்டு விமானங்கள் மோதின. விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். மற்ற இரு விமானிகள் இருக்கையோடு வெளியே தெறித்து உயிர் தப்பினார்கள். இந்தப் பயிற்சியின் கனம் இது.

சூரியகிரண் செய்வது காட்சிக்கான பறத்தல். இதே கலையில் தனி விமானிகள் மதிப்பெண்ணுக்காகப் போட்டியிடும் விளையாட்டும் உண்டு. நம் நாட்டில் பரவலாக இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடுங்காலமாக நடக்கிறது. முதல் உலகப் போட்டி 1960இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் நடந்தது. ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது இந்தப் போட்டியைத்தான், ஏனென்றால் இதில் வினாத்தாளும் உண்டு, விடை திருத்தும் முறையும் உண்டு.

ஆயிரம் மீட்டர் நீளம், ஆயிரம் மீட்டர் அகலம் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி வானத்தில் இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்குள்தான் எல்லா வித்தைகளும். எந்த வித்தைக்குப் பின் எது என்பதை ஒரு சிறிய அட்டையில் குறியீடுகளாக வரைந்து விமானி தன் கண்ணெதிரே ஒட்டிக்கொள்கிறார். அந்தக் குறியீடுகளை ஒழுங்குபடுத்தியவர் ஸ்பெயின் நாட்டு விமானி ஹோசே லூயிஸ் அரெஸ்டி. புள்ளி என்றால் தொடக்கம். தொடர்கோடு என்றால் நேராகப் பறப்பது. விட்டுவிட்டுப் போடும் கோடு என்றால் தலைகீழாகப் பறப்பது. வட்டம் என்றால் வானத்தில் செங்குத்தாக ஒரு வட்டம். சிறு குத்துக்கோடு என்றால் முடிவு. ரஷ்ய விமானியும் பிரெஞ்சு விமானியும் ஒரே அட்டையை ஒரே மாதிரி படிப்பார்கள்.

தரையில் உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் ஒவ்வொரு வித்தைக்கும் பத்திலிருந்து குறைத்துக்கொண்டே வருவார்கள். கோணத்தில் 5 டிகிரி பிசகினால் அரை மதிப்பெண் போகும். கடினமான வித்தைக்குப் பெருக்கு எண் அதிகம். மாணவர்களிடம் இதைச் சொன்னால் உடனே கணக்குப் போட ஆரம்பிக்கிறார்கள். கோணங்கள் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

விமானி தண்டை ஒரே சீராக இழுத்துக்கொண்டே இருந்தால் வட்டம் வட்டமாக வராது. மேலே போகப் போக வேகம் குறையும், வேகம் குறைந்தால் வளைவு இறுகும். ஆகவே உச்சியில் பிடியைத் தளர்த்த வேண்டும். காற்று அடித்தால் அதற்கும் ஈடு கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவருக்குச் சீராகத் தோன்றுவது வெளியே இருப்பவருக்கு முட்டை வடிவமாகத் தெரியும். உள்ளே ஏற்ற இறக்கத்தோடு செய்தால்தான் வெளியே வட்டம் கிடைக்கும்.

உடம்பும் உதவி செய்யாது. வட்டத்தின் அடியில் நான்கு மடங்கு ஈர்ப்பு அழுத்தினால், 60 கிலோ உள்ளவர் 240 கிலோவாகத் தன்னை உணர்வார். தலையிலிருந்து இரத்தம் இறங்கும், பார்வை சாம்பலாகும். கால், வயிற்றுத் தசைகளை இறுக்கிக்கொண்டு தாங்குகிறார்கள். காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழல்கள் இன்னொரு வகையில் ஏமாற்றும். தட்டாமாலை சுற்றிவிட்டு நின்ற குழந்தையைக் கேளுங்கள், உலகம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று சொல்லும். குழலுக்குள் இருக்கும் திரவம் இன்னும் நிற்கவில்லை, அவ்வளவுதான். "எனக்குச் சரியாக வந்த மாதிரி இருந்தது" என்ற சொல்லுக்கு அந்த அறைக்குள் மதிப்பு குறைவு. அதனால்தான் இறக்கையின் நுனியில் கம்பிகளால் ஆன ஒரு சட்டத்தைப் பொருத்தி, அதை அடிவானத்தோடு ஒப்பிட்டு, 45 டிகிரியா, செங்குத்தா என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

அதனால்தான் கேமராவும். ஒன்று தரையிலிருந்து எடுக்கிறது, நடுவர் பார்ப்பதை அது காட்டும். இன்னொன்று விமானி அறைக்குள் இறுக்கமாகப் பொருத்தப்பட்டு, அவருடைய கையையும் தலையையும் வெளியே தெரியும் அடிவானத்தையும் எடுக்கிறது. இறுக்கமாக என்று சொன்னேன். தலைகீழாகப் பறக்கும்போது சட்டைப்பையிலிருந்து விழும் ஒரு பேனாகூடக் கட்டுப்பாட்டுத் தண்டின் அடியில் போய்ச் சிக்கலாம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெளியே தெரியும் பிசகு உள்ளே கையின் எந்த அசைவில் தொடங்கியது என்று பிடிபடும். இசை சேர்த்துச் சமூக ஊடகத்தில் வரும் விமானி அறைக் காட்சிகள் வேறு. பயிற்சிப் படத்தில் இசை கிடையாது. பன்னிரண்டாவது வினாடியில் நிறுத்துவார்கள், பின்னுக்குத் தள்ளுவார்கள், மறுபடி பார்ப்பார்கள். பார்ப்பதற்கு அலுப்பாகத்தான் இருக்கும். (ஒரு சின்ன இடைச்செருகல்: இந்தப் படங்களில் விமானத்தின் சுழலி வளைந்த வாள் மாதிரி தெரியும். கைப்பேசிக் கேமரா படத்தை வரிவரியாகப் பதிவதால் வரும் மாயம் அது. வேகமாகச் சுழலும் மேசை விசிறியை வெயிலில் வைத்துப் படமெடுத்து மாணவர்களோடு பாருங்கள்.)

பறப்பதற்கு முன் செய்வது இன்னும் எளிது. செலவே இல்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விமானி தரையில் நடப்பார். உள்ளங்கைதான் விமானம். கையைச் சாய்த்து, புரட்டி, உடம்பைத் திருப்பி, முழு வரிசையையும் நடந்து முடிப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் பரதநாட்டிய மாணவி அடவு சரிபார்ப்பது மாதிரி இருக்கும். அமெரிக்கக் கடற்படையின் புளூ ஏஞ்சல்ஸ் அணியினர் மேசையைச் சுற்றிக் கண்ணை மூடி உட்கார்ந்து, தலைவர் குரல் கொடுக்கக் கொடுக்க, கையில் தண்டு இருப்பதாகப் பாவித்து முழு நிகழ்ச்சியையும் ஓட்டிப் பார்ப்பார்கள்.

இறங்கிய பிறகு நடக்கும் கலந்துரையாடலைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பிரிட்டனின் ரெட் ஆரோஸ் அணியினர் பயிற்சியைத் தரையிலிருந்து படமெடுத்து, இறங்கியதும் அனைவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். இத்தகைய அணிகளில் பதவி அங்கே பேசுவதில்லை. தன் பிழையைத் தானே முதலில் சொல்வது வழக்கம். படம் எதற்காக எடுக்கப்பட்டது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லாததால்தான் இது சாத்தியமாகிறது.

இந்த இடத்தில் நம் கதைக்கு வருகிறேன். பி.எட். படிக்கும்போது நாம் எல்லோரும் நுண்ணிலைக் கற்பித்தல் செய்தோம். ஐந்தாறு நிமிடம், ஒரே ஒரு திறன், பின்னூட்டம், மறுபடி கற்பித்தல். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் சக ஆய்வாளர்களும் இதை வளர்த்தபோது காணொலிப் பதிவு அதன் ஓர் அங்கம். நமக்கு வந்து சேர்வதற்குள் கேமரா உதிர்ந்துவிட்டது, பதிவேடு மட்டும் மிஞ்சியது. இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. ஆனால் வகுப்பைப் படமெடுக்கலாமா என்று கேட்டால் நம்மில் பாதிப்பேர் முகம் சுருங்குகிறது. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. படம் யார் கைக்குப் போகும், எந்தக் கோப்பில் சேரும் என்று தெரியாதபோது யாரும் இயல்பாகப் பாடம் நடத்த மாட்டார்கள். கேமராவுக்காக நடத்துவார்கள். என் கருத்து இதுதான்: படம் படமெடுக்கப்பட்டவருக்கே சொந்தம். கேமரா கரும்பலகையையும் ஆசிரியரையும் மட்டும் பார்க்கட்டும், பிள்ளைகள் முகம் வேண்டாம். பார்த்து முடித்ததும் அழித்துவிடலாம். ஆய்வுக்கு வருபவர்களுக்கு அது தேவையில்லை.

இதை முதலில் மாணவர்களோடு செய்து பார்த்தேன். எங்கள் ஏழாம் வகுப்பில் சிப்காட் ஆலைகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் அதிகம். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குழந்தைகளும் இருக்கிறார்கள். மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் பத்து மீட்டர் சதுரம் போட்டோம், கபடிக்குப் போடுவது போல. அதுதான் வானப் பெட்டி. நேர்கோடு, 90 டிகிரி திருப்பம், 45 டிகிரி கோடு, முழு வட்டம் என நான்கு உருவங்கள் கொண்ட அட்டை. ஒருவர் விமானி. மூன்று பேர் நடுவர்கள். ஒருவர் மாடி வராந்தாவிலிருந்து ஆசிரியரின் கைப்பேசியில் படமெடுப்பார். சாய்வாக எடுத்த படத்தில் கோணம் மாறித் தெரியும் என்பதால், கரும்பலகைப் பாகைமானியை வைத்துத் தரையிலேயே ஒப்பீட்டுக் கோடுகளைப் போட்டுவைத்தோம். விமான இறக்கையின் நுனியில் இருக்கும் கம்பிச் சட்டத்துக்கு எங்கள் பதில் அது.

ஒடிசாவிலிருந்து சேர்ந்து இரண்டு மாதமே ஆன மாணவன் ஒருவன் இருந்தான். தமிழில் பேசினால் தலையை மட்டும் ஆட்டுவான். பாடவேளை முழுவதும் சுவரோரம்தான். அட்டையை அவனிடம் கொடுத்தேன். மூன்று நிமிடம் பார்த்தான், கையைச் சாய்த்து அந்த இடத்திலேயே ஒருமுறை ஓட்டினான், பிறகு நடந்தான். அரெஸ்டியின் குறியீட்டுக்குத் தமிழும் தேவையில்லை, ஒடியாவும் தேவையில்லை. வட்டத்துக்கு நடுவர்கள் 6 போட்டார்கள். அவனுக்குக் கோபம். தன் வட்டம் சரி என்று கையால் வரைந்து காட்டினான். படத்தைப் பார்த்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. விரலால் திரையைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தான். பிறகு மைதானத்துக்கு ஓடினான். நான்காவது முறை 8.5 வாங்கினான். அடுத்த வாரம் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் உடற்கல்வி ஆசிரியருக்கு 7 போட்டபோது, ஏன் என்று தமிழில் விளக்கினான். அரைகுறைத் தமிழ்தான். "சார், இங்க, வளைவு ஜாஸ்தி."

இதே வகுப்பில் வாளித் தண்ணீரைத் தலைக்கு மேல் சுற்றும் சோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் ஆரத்தில் சுமார் இரண்டு வினாடிக்கு ஒரு சுற்றுக்குக் குறையாமல் சுற்றினால் தண்ணீர் விழாது. விமானி தலைகீழாக இருக்கும்போதும் இருக்கையில் அழுந்தியிருப்பதன் காரணம் அதில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு எடுப்பவர்களுக்குப் பயன்படும்.

நம்மிடம் வருகிறேன். அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் நான்கு பேர் முன்வந்தால் போதும். ஆளுக்கு ஐந்து நிமிடப் பாடம். அதற்கு முன் அட்டையில் வரிசையை எழுதிக்கொண்டு, காலி வகுப்பறையில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். எங்கே நிற்பேன், எப்போது பலகைக்குத் திரும்புவேன், எந்தக் கேள்வியைக் கடைசி வரிசைக்குக் கேட்பேன் என்று. கைப்பேசியைக் கடைசி பெஞ்சில் வைப்போம், ஏனென்றால் நம் நடுவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்து முடித்ததும் முதலில் பேச வேண்டியவர் பாடம் நடத்தியவர். மற்றவர்கள் அவர் கேட்டால் மட்டும் பேசலாம். தலைமையாசிரியர்களும் இந்த விதிக்குள் வருவார்கள், அவர்களிடம் முன்பே அனுமதி கேட்டுவிட்டேன். அட்டைகள் நான் எழுதிக் கொண்டுவருகிறேன். கைப்பேசியை நிறுத்த ஒரு தாங்கி வேண்டும், வீட்டில் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.