பராமரிப்பும் முதலீடே

(பயிற்சி அலுவலர்களிடையே நிகழ்த்திய உரை)



வளர்ச்சித் திட்டங்களை மதிப்பிடும்போது எத்தனை வண்டிகள் வாங்கப்பட்டன என்று பார்க்கிறோம். அவற்றுள் எத்தனை இன்று காலை வேலைக்குப் புறப்பட்டன என்று கேட்பது அரிது. இவ்விரண்டு எண்களுக்கும் இடைவெளி மிகுந்தால், பெரும்பாலும் பராமரிப்புக் குறைவே அதற்குக் காரணமாகும்.

மும்பையை எடுத்துக்கொள்வோம். தாராவியின் சந்துகள் பலவற்றினுள் லாரி நுழைய இயலாது. தொழிலாளர் குப்பையைக் கைவண்டிகளில் பெருந்தெருவுக்குக் கொணர, அங்கே நிற்கும் கம்ப்பாக்டர் லாரி அதை அழுத்தி ஏற்றிக்கொள்கிறது. செம்பூருக்கு அப்பாலுள்ள தேவனாரில் 1927 முதல் நகரின் குப்பை கொட்டப்பட்டு வந்தது. பின்னர் காஞ்சூர்மார்க் பெரும் பங்கை ஏற்றது. இடம் மாறினாலும் லாரியின் தேவை மாறவில்லை. அது ஒரு நாள் நின்றால் குப்பை தெருவில் தேங்கிச் சாக்கடையை அடைக்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான நகரம் இது. அடைபட்ட வடிகாலின் விளைவை அதற்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இந்த லாரியில் குப்பையை அழுத்துவது ஹைட்ராலிக் அமைப்பு. எஞ்சினால் இயங்கும் பம்பு, எண்ணெயைச் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோகிராம் அளவிலும் அதற்கு மேலும் அழுத்தத்துடன் சிலிண்டர்களுக்குச் செலுத்துகிறது. கண்ணுக்குப் புலப்படாத தூசியும் பம்பைத் தேய்த்துவிடும். மழைநீர் கலந்தால் எண்ணெய் பால்போல் வெளுத்து, வழுவழுப்பை இழக்கும்.

எனவே நாள்தோறும் எண்ணெய் மட்டத்தையும் ஹோஸ் குழாய்களையும் பார்க்க வேண்டும். உற்பத்தியாளர் குறித்த கெடுவில் வடிகட்டியையும் எண்ணெயையும் மாற்ற வேண்டும். அக்கெடுவைக் கிலோமீட்டரில் கணக்கிடுதல் போதாது. தாராவியில் லாரி ஓடும் தொலைவு குறைவு. ஆனால் நின்ற இடத்திலேயே பம்பு நெடுநேரம் இயங்குகிறது. ஆதலின் பம்பு இயங்கிய மணிக்கணக்கே சரியான அளவுகோல்.

இதில் மனித உயிரும் அடங்கியுள்ளது. உயர்த்திய பின்கதவுக்குத் தாங்குகோல் இடாமல் அதன்கீழ் எவரும் செல்லலாகாது. ஹோஸ் வெடித்தால் கதவு விழக்கூடும். கசிவைக் கையால் தடவிப் பார்ப்பதும் ஆபத்தே. நுண்துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தாராவியை அடுத்த மாட்டுங்காவில் 1915இல் நிறுவப்பட்ட ரயில்வே பணிமனை நமக்கு நல்ல முன்மாதிரி. ரயில் பெட்டிகள் பழுதாகும்வரை காத்திராமல், உரிய காலம் வந்ததும் அங்கு முழுப் பராமரிப்புக்கு அனுப்பப்படுகின்றன.

நம் கணக்கு முறையில் வண்டி வாங்குவது மூலதனச் செலவு. வடிகட்டி வாங்குவது வருவாய்க் கணக்கில் சேரும். நிதி நெருக்கடியில் முதலில் குறைக்கப்படுவது பின்னதே. அவ்வாறு குறைத்த தொகை சேமிப்பன்று. அது பின்னர் புதிய பம்பின் விலையாகவும், வேலை நின்ற நாட்களின் இழப்பாகவும் திரும்பி வரும்.

நாளை நீங்கள் புதிய வண்டிகளுக்கு ஒப்புதல் அளிக்கும்போது, அவற்றின் ஆயுட்காலம் முழுமைக்குமான பராமரிப்புத் தொகையையும் அதே கோப்பில் கேளுங்கள். வண்டி ஒப்பந்ததாரருடையதாயின், பராமரிப்பேட்டைப் பார்த்த பின்னரே பட்டியலுக்குப் பணம் வழங்குங்கள்.