கலகமும் கட்டுரையும்



சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டில் ஒரு கோடை விடுமுறையைக் கழித்தேன். உடன் கொண்டு சென்றவை இரண்டு கட்டுகள். ஒன்று, அன்னிய அரசு அஞ்சித் தடுத்த தமிழ் நூல்களைப் பற்றிய என் ஆராய்ச்சிக் குறிப்புகள். மற்றொன்று, சேலத்துக் கல்லூரி ஒன்றில் என்னிடம் கட்டுரை பயிலும் மாணவர்களின் ஏடுகள். முன்னது அறிவுப் பணி, பின்னது வயிற்றுப் பணி என்றே அன்று எண்ணியிருந்தேன்.

என் ஆராய்ச்சியில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்த செய்தி ஒன்றுண்டு. பாரதியார் 1908ஆம் ஆண்டில் சுதேச கீதங்களை வெளியிட்டார். அவ்வாண்டே சிறைக்குத் தப்பிப் புதுச்சேரி சேர்ந்தார். 1921இல் மறைந்தார். ஆயினும் 1928இல் சென்னை மாகாண அரசு அவருடைய பாட்டு நூல்களைப் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டசபையில் அதனைக் கண்டித்து முழங்கினார். பாடியவர் மறைந்து 7 ஆண்டுகள் கழிந்த பின்னரும் பேரரசு ஒன்று அஞ்சியது எதனை? படித்தவர், படியாதவர் அனைவர் நாவிலும் ஏறிவிட்ட எளிய சொல்லை அன்றோ! 1912இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், சிறிதளவே படித்தவரும் பொருள் உணரும் நடையே தேவை என்பதை அவர் தம் கொள்கையாகக் கூறியிருக்கிறார்.

அம்முன்னுரையைப் படித்த மாலையில், முன்பே திருத்தி முடித்திருந்த ஓர் ஏடு மீண்டும் கண்ணிற் பட்டது. எழுதியவர் அம்மலையின் காப்பித் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். 1820ஆம் ஆண்டுகளில் கலெக்டர் காக்பர்ன் காப்பிப் பயிரைக் கொணர்ந்த மலை அது. “அம்மா பறித்த பழத்தைக் கணக்கப்பிள்ளை நிறுத்தார். எத்தனை கிலோ என்று சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. நான் கேட்டேன்” என்று அவர் எழுதியிருந்தார். நான் அவ்வரிகளைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘உழைப்பாளர் குருதியை உறிஞ்சும் கொடுமை’ என்று ஓரத்தில் எழுதியிருந்தேன். நடை வறண்டது என்ற குறிப்பு வேறு!

நாணம் என்னை வாட்டியது. கலக இலக்கியத்தைப் பழைய ஏடுகளில் தேடிக்கொண்டிருந்த நானே, கண்ணெதிரே பிறந்த ஒன்றைத் தடை செய்திருந்தேன். ‘நான் கேட்டேன்’ என்ற இரு சொற்களில் இருந்த துணிவு, என் குருதியிலும் கொடுமையிலும் இல்லை.

கல்லூரி திறந்ததும் அம்மாணவரிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவருடைய கட்டுரையை வகுப்பில் உரக்கப் படித்தேன். “ஐயா, இப்போதுதான் இது நான் எழுதியது போல் இருக்கிறது” என்றார் அவர்.

நண்பர்களே, நெஞ்சில் எதிர்ப்பு எழும்போது பெரிய சொற்களைத் தேடாதீர்கள். கண்டதைக் கண்டவாறு எழுதுங்கள். அதனைத் திருத்த வரும் கை ஆசிரியருடையதே ஆயினும், ஏன் என்று கேளுங்கள்.