படக்கதையில் ஒரு வீரப் பெண்

(படிப்பக ஆண்டு விழாவில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயத்தைக் கேள்விப்பட்டு நம் நண்பர்கள் சிலருக்குச் சிரிப்பு வந்ததாகத் தெரிகிறது. "படக்கதையைப் பற்றியா பேசப் போகிறீர்கள்? அது குழந்தைகள் சமாச்சாரம் அல்லவா?" என்று ஒருவர் வாசலிலேயே நம்மைக் கேட்டுவிட்டார். நாம் அவரைத் திருப்பிக் கேட்டோம். "படம் குழந்தைகள் சமாச்சாரம் என்றால் கோவில் சுவரிலும் விதானத்திலும் ஏன் ஐயா அவ்வளவு படம் எழுதி வைத்தார்கள்? தாடி முளைத்தவர்கள்தானே அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறார்கள்?" என்றோம். அவர் பதில் சொல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். இப்பொழுதும் இங்கேதான் இருக்கிறார்.

படத்துக்குள்ள சக்தியை நாம் அறியாவிட்டாலும் பாதிரியும் புரோகிதனும் அரசாங்கத்தானும் நன்றாக அறிவார்கள். பிரெஞ்சு தேசத்தில் 1949-ஆம் வருஷம் ஜூலை 16-ந் தேதி ஒரு சட்டம் வந்தது. சிறுவர்களுக்கான பத்திரிகைகளில் திருட்டையும் பொய்யையும் சோம்பலையும் ஒழுக்கக் கேட்டையும் நல்லதுபோல் காட்டக்கூடாது என்பது சட்டத்தின் சாரம். அதைக் கண்காணிக்க நியாய இலாகாவின் கீழ் ஒரு கமிஷனும் ஏற்பட்டது. திருட்டைப் புகழக்கூடாது என்றால் யாருக்கு என்ன ஆட்சேபணை? நமக்கும் இல்லை. ஆனால் நடந்தது என்ன? படம் எழுதுகிறவன் பயந்து போனான். பெண்ணைப் படத்தில் போட்டால்தானே வம்பு, அவள் உடை குட்டை என்பான், நடை சரியில்லை என்பான், ஆகவே பெண்ணையே விட்டுவிடுவோம் என்று தீர்மானித்தான். இதன் பலனாக அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷ காலம் பிரெஞ்சுப் படக்கதைகளில் பெரும்பாலானவற்றில் உலகமே ஆண்களால் ஆனதுபோல் காணப்பட்டது. பெல்ஜியத்தில் எழுதப்பட்டுப் பிரான்சிலும் ஏராளமாக விற்ற டின்டின் கதைகளை எடுத்துக் கொள்ளுங்கள். அந்தப் பையன் உலகமெல்லாம் சுற்றினான், சந்திரனுக்கும் போய் வந்தான். அவ்வளவு புஸ்தகங்களிலும் நினைவில் நிற்கும்படியான பெண் என்று பார்த்தால் கண்ணாடி உடையும்படி பாட்டுப் பாடுகிற ஒரு பாடகி அம்மாள்தான்.

ஒழுக்கத்தைக் காப்பாற்றுவது என்று எந்த ஊரில் யார் ஆரம்பித்தாலும் முதலில் பெண்ணை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவதாகவே முடிகிறது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டு வாலிபர்களுக்கும் இது புதிதல்ல. சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்த படக்கதைகளை மறைத்து மறைத்துப் படித்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பார்கள். இரும்புக்கை மாயாவியைத் தெரியாதவர் யார்? ஆனால் உங்கள் தங்கைமார்களுக்கு அந்தப் புஸ்தகத்தை யார் கொடுத்தார்கள்?

நிற்க. பிரான்சில் இந்தக் கதவு மெல்ல மெல்லத்தான் திறந்தது. 1962-இல் பார்பரெல்லா என்ற ஒருத்தி வந்தாள். அவளுடைய துணிச்சலைவிட உடம்பே அதிகமாகப் பேசப்பட்டது. 1970-இல் யோகோ ட்சூனோ என்ற ஜப்பானியப் பெண், மின்சார சாஸ்திரம் கற்றவள், வந்தாள். 1976-இல் ழாக் தார்தி என்பவர் எழுதிய அடேல் என்பவள் வந்தாள். 1911-ஆம் வருஷத்துப் பாரிஸ் நகரத்தில் தனியாகத் திரிந்து, போலீஸ்காரனையும் பண்டிதனையும் ஒருங்கே ஏமாற்றுகிறவள். இவர்களைப் பற்றியெல்லாம் பேச நேரமில்லை. நாம் பேச வந்தது 1979-இல் பத்திரிகையில் தொடங்கி, 1980 முதல் 1984 வரையில் ஐந்து புஸ்தகங்களாக வந்த ஒரு கதையைப் பற்றியாகும். அதன் பெயர் "காற்றின் பிரயாணிகள்" என்று பொருள்படும். எழுதிப் படமும் போட்டவர் பிரான்சுவா பூர்ஜோன். இவர் முதலில் கண்ணாடியில் வர்ண ஓவியம் செய்யும் வேலை கற்றவர். கப்பலைச் சரியாக எழுத வேண்டுமென்பதற்காகக் கப்பலின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, எந்தப் பக்கமிருந்து பார்த்தால் எந்தக் கயிறு தெரியும் என்று பார்த்துப் பார்த்து எழுதினார். புராணக்காரன் ஏழு கடல் என்றும் பாற்கடல் என்றும் ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறான். இவரோ ஒரு பாய்மரத்தைத் தப்பாகப் போடக்கூடாதென்று மாதக் கணக்கில் பாடுபட்டிருக்கிறார்.

கதை நடப்பது சுமார் 1780-இல். அமெரிக்கர்கள் இங்கிலீஷ் ராஜாவை எதிர்த்துச் சுதந்திர யுத்தம் செய்து கொண்டிருந்த காலம். கதாநாயகி ஈஸா, பெரிய பிரபு வீட்டுப் பெண். கன்னிமாடத்தில் வளர்கிறாள். அங்கே ஆக்னேஸ் என்று இன்னொரு பெண். குலமும் இல்லை, சொத்தும் இல்லை. இருவரும் பார்வைக்குக் கொஞ்சம் ஒன்றுபோல் இருப்பார்கள். விளையாட்டாக உடையையும் பெயரையும் மாற்றிக் கொள்ளுகிறார்கள். விளையாட்டு வினையாகிறது. பிரபு வீட்டார் ஆக்னேஸைத் தங்கள் பெண் என்று ஏற்றுக் கொள்ளுகிறார்கள். உண்மையான பிரபு வீட்டுப் பெண் யாருமற்றவளாக நிற்கிறாள். "நான்தான் அவள்" என்று சொன்னால் கேட்பாரில்லை.

தோழர்களே! இந்த ஓரிடத்திற்காகவே அந்தப் புஸ்தகத்தைப் படிக்கலாம் என்பது நமது அபிப்பிராயம். உயர்ந்த குலம், உயர்ந்த ரத்தம் என்கிறார்களே, அது எங்கே இருந்தது? தோலில் இருந்ததா? முகத்தில் இருந்ததா? ரத்தத்தில் இருந்திருந்தால் பெற்ற வீட்டார் கண்டுபிடித்திருக்க வேண்டாமா? ஒரு பாவாடையையும் ஒரு பெயரையும் மாற்றின மாத்திரத்தில் மேல் குலம் கீழேயும் கீழ் குலம் மேலேயும் போய்விட்டது என்றால், குலம் என்பது அந்தப் பாவாடையில்தானே இருந்திருக்கிறது? பெண்ணை நிமிர்ந்து பார்க்காத வீடு என்பதும் இதிலிருந்து விளங்குகிறது. பிள்ளையாயிருந்தால் இப்படி மாறிப் போக விட்டிருப்பார்களா? ஆசிரியர் இதை உபந்நியாசமாகச் சொல்லவில்லை. கதை நடக்கிறது, நாம் தெரிந்து கொள்ளுகிறோம்.

இப்படிப் பெயரை இழந்தவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. தன் சொந்தச் சகோதரன் தலைவனாயிருக்கும் போர்க் கப்பலிலேயே, ஆக்னேஸுக்குத் துணையாகப் பிரயாணம் செய்கிறாள். ஹோயல் என்ற மாலுமியோடு சிநேகமாகிறாள். அவன் இங்கிலீஷ்காரர் கையில் அகப்பட்டு, பழைய கப்பலைச் சிறையாக்கி வைத்திருந்த இடத்தில் அடைபடுகிறான். அவனை அங்கிருந்து மீட்பதற்கு இவள், மேரி என்ற இங்கிலீஷ் பெண்ணோடு சேர்ந்து பாடுபடுகிறாள். நம் கதைகளில் பெண்ணை ஒருவன் தூக்கிப் போவான், இன்னொருவன் மீட்டு வருவான், மீட்டு வந்த பிறகு நெருப்பில் இறங்கச் சொல்லுவான். இங்கே சிறையிலிருப்பவன் ஆண், மீட்கிறவள் பெண். மீட்ட பிறகு அவனை எந்த நெருப்பிலும் இறங்கச் சொல்லவில்லை.

இதைக் கேட்டு, "இதெல்லாம் கற்பனை. பெண் அந்தக் காலத்தில் கப்பலில் போனாளா?" என்று கேட்கலாம். போனாள். ழான் பாரே என்ற பிரெஞ்சுப் பெண், குடியானவர் குடும்பத்தில் பிறந்தவள், 1767-இல் ஆண் வேஷம் போட்டுக் கொண்டு, செடி கொடி ஆராய்ச்சி செய்யும் பண்டிதர் ஒருவருக்கு உதவியாளாக அரசாங்கக் கப்பலில் ஏறினாள். அந்தக் கப்பல்களில் பெண் ஏறக்கூடாதென்பது சட்டம். மலையிலும் காட்டிலும் பெட்டிகளைச் சுமந்தாள். உலகத்தைக் கடல் வழியாகச் சுற்றி வந்த முதல் பெண் என்று இன்று சரித்திரக்காரர்கள் ஒப்புக் கொள்ளுகிறார்கள். 1785-இல் அரசாங்கமே அவளுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1720-இல் ஜமைக்காவில் ஆன் பானி, மேரி ரீட் என்ற இரண்டு பெண்கள் கடற்கொள்ளைக்காக விசாரிக்கப்பட்டுத் தூக்குத் தண்டனை பெற்றார்கள். இருவரும் கர்ப்பமாயிருந்ததால் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. கொள்ளையை நாம் மெச்சவில்லை. பெண்ணால் முடியாது என்கிற பேச்சுக்குத்தான் இதைச் சொல்லுகிறோம்.

இனி, கதையின் பின் பாதிக்கு வருவோம். இங்கேதான் புஸ்தகம் வெறும் வீரக் கதையாக இல்லாமல் வேறாகிறது. ஈஸாவும் கூட்டாளிகளும் தப்பிப் போவதற்கு ஏறுகிற கப்பல் எது தெரியுமா? அடிமை வியாபாரக் கப்பல். ஆப்பிரிக்காவின் மேல்கரையில் தாஹோமே ராஜ்யத்துத் துறைமுகத்துக்குப் போய், மனிதரை வாங்கி, அமெரிக்கத் தீவுகளில் விற்கிற கப்பல். அந்தத் துறைமுகத்தில் இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன், போர்த்துகீசியன் ஆகிய மூவருக்கும் கோட்டை உண்டு. மூவரும் ஒரே வேதத்தை வைத்துக் கொண்டிருந்தவர்கள். வியாபாரிகள் தங்களுக்குள் அந்த மனிதர்களுக்கு வைத்திருந்த பெயர் "கருங்காலி மரம்." ஐந்தாம் புஸ்தகத்தின் பெயரும் அதுவே.

அந்த நாலு நூற்றாண்டு வியாபாரத்தில் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டார்கள் என்றும், அவர்களில் சுமார் 18 லட்சம் பேர் நடுக்கடலிலேயே மாண்டார்கள் என்றும் சரித்திர ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இதற்குச் சட்டமும் உண்டு. 14-ஆம் லூயி ராஜா 1685-இல் போட்ட கருப்புச் சட்டத்தில், அடிமைகள் எல்லோருக்கும் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. அடிமை நாற்காலி மேஜை போல அசையும் சொத்து என்பது 44-ஆவது விதி. ஓடிப்போனால் முதல் தடவை காதை அறுத்து முத்திரை சுட வேண்டும், இரண்டாம் தடவை பின்கால் நரம்பை அறுக்க வேண்டும், மூன்றாம் தடவை உயிரை வாங்க வேண்டும் என்பது 38-ஆவது விதி. ஞானஸ்நானம் ஆத்மாவுக்காம்! நாற்காலிக்கு ஆத்மா எப்பொழுது வந்தது என்று எந்தப் பாதிரியாவது அந்த ராஜாவைக் கேட்டாரா?

வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லி ஆசிரியர் தப்பித்துக் கொள்ளவும் இல்லை. தாஹோமே ராஜாவும் அவனுடைய சபையும் கதையில் வருகின்றன. தோற்றவர்களையும் பிடிபட்டவர்களையும் விற்றுத் துப்பாக்கியும் துணியும் வாங்கிய ராஜ வம்சம் அது. துணி என்றதும் நமக்கு ஒரு ஞாபகம் வருகிறது. அந்தக் கரையில் மனிதனுக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணி முக்கியமானது. நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணியும் அதில் சேர்ந்ததே. காசாக வழங்கிய சோழி மாலத்தீவிலிருந்து போனது. நெய்த கைக்கோளன் பட்டினி கிடந்தான். அவன் நெய்தது எதற்குப் போயிற்று என்று அவனுக்குத் தெரியாது.

இந்தக் கப்பலில்தான் நம் வீரப் பெண் பிரயாணம் செய்கிறாள். கீழ்த் தட்டில் சங்கிலியில் மனிதர்கள், மேல் தட்டில் காற்று வாங்கிக் கொண்டு இவள். அவள் கோபப்படுகிறாள், வாதாடுகிறாள், தன்னால் ஆன உதவியைச் செய்யப் பார்க்கிறாள். ஆனால் கப்பல் நிற்கவில்லை. கடைசியில் அடிமைகள் தாங்களே எழும்பிக் கலகம் செய்கிறார்கள். அது அடக்கப்படுகிறது. மலிவான கதைக்காரனாயிருந்தால் இவள் கையில் ஒரு வாளைக் கொடுத்து எல்லோரையும் விடுதலை செய்ய வைத்திருப்பான். நாமும் கை தட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்போம். இவர் அப்படிச் செய்யாதது நமக்கு முதலில் ஏமாற்றமாயிருந்தது என்பதை ஒப்புக் கொள்ளுகிறோம். இரண்டாந் தடவை படித்த பிறகுதான் அது நேர்மை என்று பட்டது.

இந்தப் புஸ்தகத்தில் குற்றமே இல்லை என்று சொல்ல நாம் வரவில்லை. ஈஸாவை ஆடையில்லாமல் காட்டும் படங்கள் தேவைக்கு மேல் இருக்கின்றன. சட்டத்துக்குப் பயந்து பெண்ணையே எழுதாதிருந்த காலம் போய், சட்டம் தளர்ந்ததும் துணியை உரிப்பதே சுதந்திரம் என்று ஆண் ஓவியர்கள் நினைத்துக் கொண்டார்கள். இரண்டிலும் தீர்மானித்தது ஆண்தான். ஒரு பெண் இதே கதையை எழுதிப் படமும் போட்டிருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று இங்குள்ள சகோதரிகள் யோசிக்க வேண்டும்.

ஐந்தாம் புஸ்தகத்தோடு கதை சான் தொமேங் தீவில் நின்றுவிட்டது. அங்கே அப்போது அடிமைகளாக இருந்தவர்கள் லட்சக் கணக்கானவர்கள். வெள்ளைக்காரர் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1791-இல் அந்த அடிமைகள் எழுந்தார்கள். 1794-இல் பிரெஞ்சுக் குடியரசு அடிமைத்தனத்தை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் திரும்பக் கொண்டு வந்தான். தீவின் மக்கள் அவன் பட்டாளத்தையும் முறியடித்து 1804-இல் ஹெய்ட்டி என்ற சுதந்திர நாட்டைக் கண்டார்கள். பிரான்சின் மற்றத் தீவுகளில் 1848 வரை சங்கிலி இருந்தது.

ஆசிரியர் இருபத்தைந்து வருஷம் கழித்து, 2009-லும் 2010-லும், மறுபடி அந்தக் கதையை எடுத்தார். இப்பொழுது அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடக்கிறது. லூயிஸியானாவில், அடிமைகளை வைத்து ஆண்ட தோட்டக்காரர் குடும்பத்தில் பிறந்த ஸாபோ என்ற இளம் பெண், யுத்தத்தால் வீடிழந்து, ஆற்றின் வழியாகத் தன் பாட்டியின் தாயைத் தேடிப் போகிறாள். போய்ச் சேருகிற இடத்தில் இருப்பவள் ஈஸா. வயது ஏறக்குறைய நூறு. கிழவி தான் கண்டதையும் தீவில் தனக்கு நேர்ந்ததையும் சொல்லுகிறாள். அடிமை உழைப்பில் வளர்ந்த பெண் அதைக் கேட்டுக் கொண்டிருக்கிறாள். சில இடங்களில் அவளுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. கிழவி நிறுத்தவில்லை.

அதன் பிறகு 2018-லும் 2022-லும் வந்த புஸ்தகங்களில் அதே ஸாபோவை 1885-ஆம் வருஷத்துப் பாரிஸில், வேறு பெயரோடு, தொழிலாளிகள் நடுவில் பார்க்கிறோம். அந்த இரண்டையும் பற்றி இன்னொரு நாள் பேசுகிறோம். வண்டிக்குப் போக வேண்டியவர்கள் எழுந்திருப்பது தெரிகிறது. வாசலில் கேள்வி கேட்ட நண்பர் மட்டும் கொஞ்சம் இருக்க வேண்டும், அவர் வீட்டில் ஒரு பெண் குழந்தை படிக்கிறதாகக் கேள்விப்பட்டோம்.