பழைய கணினியும் வீட்டு வாயிற்காவலும்

வீட்டில் இணையம் பயன்படுத்துவோர் பலரும் ரௌட்டர் என்னும் சிறு பெட்டியை அறிவர். அதனுள் இருப்பது யாது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. உண்மையில் அதுவும் ஒரு கணினியே. ஆதலின், நாம் பயன்படுத்தி ஒதுக்கிவைத்த மேசைக் கணினியையும் ரௌட்டராக ஆக்கலாம். இது புதுமையன்று. இணையத்தின் முன்னோடியாகிய அர்ப்பாநெட் 1969-இல் தொடங்கியபோது அத்தொழிலைச் செய்தது, ஹனிவெல் நிறுவனத்தின் பொதுக் கணினி ஒன்றைத் திருத்தியமைத்த கருவியே.

ரௌட்டரின் தொழில் யாது? அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரிப்பவர் செய்யும் தொழிலே. செய்தி சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொன்றிலும் சேருமிட முகவரி உண்டு. அதனைப் படித்து, உரிய வழியிற் செலுத்த வேண்டும்.

இதற்கு வாயில்கள் இரண்டு தேவை. மேசைக் கணினியிற் பெரும்பாலும் நெட்வொர்க் கார்டு ஒன்றே இருக்கும்; இன்னொன்றை வாங்கிச் செருக வேண்டும். ஒன்று மோடத்தை நோக்கும். மற்றொன்று ஸ்விட்ச் வழியே வீட்டுக் கருவிகளை நோக்கும். பின்னர் லினக்ஸை நிறுவலாம். லினக்ஸ் இயல்பாக ஒரு வாயிலில் வந்ததை மறு வாயிலில் அனுப்பாது. அனுப்புக என்று நாம் கட்டளையிடல் வேண்டும்.

அடுத்தது முகவரி மாற்றம். பழைய முறையிலான இணைய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடியே. ஆகவே ஒரு வீட்டிற்கு ஒன்றுக்கு மேற் கிடைப்பது அரிது. உள்ளே உள்ள கருவிகளுக்கு 192.168 எனத் தொடங்கும் தனி முகவரிகளை வழங்குகிறோம். பொட்டலம் வெளியேறும்போது ரௌட்டர் தன் முகவரியை அதன்மேல் இட்டு, அனுப்பிய கருவி எதுவெனக் குறித்துக்கொள்கிறது. மறுமொழி வந்ததும் அக்குறிப்பைப் பார்த்து அதனிடம் சேர்க்கிறது. நாம் கேளாமலே வருவனவற்றைத் தடுக்குமாறு விதியும் எழுதிவிட்டால் காவல் அமைந்துவிடும்.

இத்துணை முயற்சி எதற்கு? 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்னும் தீநிரல் குறைந்தது 5 லட்சம் கருவிகளிற் குடிபுகுந்திருந்தது வெளிப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை சிறு ரௌட்டர்கள். இத்தகைய பெட்டிகள் பலவற்றிற்கு, அவற்றைச் செய்தோர் சில ஆண்டுகளிற் திருத்தங்கள் வழங்குவதை நிறுத்திவிடுகின்றனர். பெட்டி நன்றாகவே உழைக்கும். கதவின் தாழ் மட்டும் துருப்பிடித்திருக்கும். நாமே அமைத்த கணினிக்கோ புதிய திருத்தங்களை இட்டுக்கொண்டே இருக்கலாம். இடும் பொறுப்பும் நம்முடையதே.

குறையையும் கூறிவிடுகிறேன். 50 வாட் கொள்ளும் கணினி இரவும் பகலும் இயங்கினால் மாதத்திற்கு 36 யூனிட் மின்சாரம் செலவாகும். 10 வாட் கொள்ளும் சிறு பெட்டிக்கு 7 யூனிட்டே போதும். ஆதலால் யாவரும் இதனைச் செய்க என நான் கூறேன். ஆயினும், பல கணினிகள் ஒரே இணைப்பைப் பகிரும் பள்ளிக்கும் நூலகத்திற்கும் இச்செலவு தகும். அங்கே பயிலும் இளைஞர்கள் இதனைத் தம் கையால் ஒருமுறை அமைத்துப் பார்த்தல் நன்று என்பது என் கருத்து. வாயிலில் நிற்கும் காவலன் எவருடைய ஆணைக்குக் கீழ்ப்படிகிறான் என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டாமா?