இரண்டு முத்திரைகளுக்கு நடுவே

நாட்டுப்படத்தில் எல்லை என்பது மெல்லியதாக இழுத்த ஒரு கோடு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கோட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். இப்பக்கம் ஒரு நாடு, அப்பக்கம் ஒரு நாடு. குறுக்கே ஆறு ஓடுகிறதா, மலை நிற்கிறதா என்று பிள்ளைகளைக் கேட்போம். அவர்கள் விடை சொல்வார்கள். அத்துடன் பாடம் முடிந்துவிடும். அந்தக் கோட்டைத் தரைவழியே, துணையின்றி, ஒரு பாஸ்போர்ட்டை மட்டும் நம்பிக் கடக்கிற மனிதனுக்கு அது எப்படித் தோன்றும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. இன்று அதைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன்.

நான் கடந்த எல்லை தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் இடையே உள்ளது. 1909-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் தேதி, சயாம் அரசும் பிரிட்டிஷ் அரசும் பாங்காக்கில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய மலாய் நாடுகளின்மீது சயாமுக்கு இருந்த உரிமை அதன்படி பிரிட்டிஷாரிடம் சென்றது. இன்றைய எல்லை பெரும்பாலும் அன்று முடிவானதே. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1918-இல், இரு நாட்டு ரயில் பாதைகளும் பாடாங் பெசார் என்னும் ஊரில் இணைந்தன. மலாய் மொழியில் அந்தப் பெயருக்குப் 'பெரிய திடல்' என்று பொருள்.

2016-இல் தலைமையாசிரியர் பதவியிலிருந்து நான் ஓய்வு பெற்றேன். மகளின் திருமணத்துக்கு வாங்கிய கடனில் ஒரு பகுதி அப்போதும் தீராமல் இருந்தது. தென் தாய்லாந்தில் ஹாட் யாய் நகரத்துத் தனியார் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்க ஆள் வேண்டுமென்று தெரியவந்தது. 2018 மே 14-ஆம் தேதி அந்நாட்டில் கால் வைத்தேன். வேலைக்கென்று வருவோருக்குக் கொடுக்கும் விசா பெற்றிருந்தேன். 90 நாள் தங்கலாம் என்று முத்திரை குத்தினார்கள். அதற்குள் ஆசிரியர் உரிமம், வேலை அனுமதி ஆகிய தாள்களைப் பள்ளியார் பெற்றுத் தந்தால் உள்நாட்டிலேயே காலத்தை நீட்டித்துக்கொள்ளலாம். தாள்கள் வரவில்லை. "நாளை வரும், நாளை வரும்" என்று ஜூலை முழுவதும் கழிந்தது. முடிவில், பினாங்கிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்துக்குப் போய்ப் புதிய விசா வாங்கி வருமாறு சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில் இரண்டு செய்திகளை விளக்கிவிட வேண்டும். முதலாவது, விசா வேறு, தங்கும் அனுமதி வேறு. விசா என்பது வீட்டு வாயில்வரை வந்து கதவைத் தட்டும் உரிமை. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை வாயிலில் நிற்கும் அதிகாரி குத்தும் முத்திரையே சொல்லும். இரண்டாவது, 90 நாள் என்றால் மூன்று மாதம் அன்று. வந்திறங்கிய நாளும் அதில் ஒன்று. மே 14-இலிருந்து எண்ணினால் தொண்ணூறாம் நாள் ஆகஸ்டு 11, சனிக்கிழமை. மூன்று மாதம்தானே என்று ஆகஸ்டு 14 வரை சும்மா இருந்தவன் நாளொன்றுக்கு 500 பாட் வீதம் அபராதம் கட்ட நேரும். மிக நீண்ட காலம் கடந்து தங்கியவரை மீண்டும் நாட்டுக்குள் வரவொட்டாமல் தடுக்கும் விதி 2016-இலேயே வந்துவிட்டது.

கணக்கு வாத்தியார் அல்லவா? நாள்காட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சனியும் ஞாயிறும் துணைத் தூதரகம் திறக்காது. தாய்லாந்து அரசமாதாவின் பிறந்தநாளாகிய ஆகஸ்டு 12 அவ்வாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் திங்களும் விடுமுறை. ஆகவே 8-ஆம் தேதி புதன்கிழமை புறப்பட்டு, வியாழன் காலை விண்ணப்பம் கொடுத்து, வெள்ளி மாலை விசாவுடன் பாஸ்போர்ட்டைப் பெற்று, சனிக்கிழமை திரும்பிவிட வேண்டும். ஓரிடத்தில் தடைப்பட்டாலும் செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தச் செவ்வாயன்று பிள்ளைகளுக்குப் பரீட்சை தொடக்கம். விசாவே மறுக்கப்பட்டால் வேலையும் இல்லை. அறையில் விட்டுவந்த பெட்டியைத் திரும்பக் காண்பதும் சந்தேகமே.

ஹாட் யாயிலிருந்து பாடாங் பெசாருக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர். சிறிய ரயில் ஒன்று போகிறது. இரு நாட்டுக் குடிநுழைவு அலுவலகங்களும் மலேசிய மண்ணிலுள்ள அந்த ஒரே நிலையத்தில் இருக்கின்றன. முதலில் தாய்லாந்து அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கினார். 'வெளியேறினார்' என்று முத்திரை குத்தித் திருப்பித் தந்தார். அரை நிமிடமும் ஆகவில்லை. அத்துடன் எனக்கு மிச்சமிருந்த நாட்களும் அற்றுப்போயின. முன்கூட்டியே பணம் கட்டி மறுநுழைவு அனுமதி வாங்காமல் வெளியேறினால் பழைய அனுமதி அங்கேயே முடிந்துவிடும் என்பது அந்நாட்டு விதி.

சில அடி தூரத்தில் மலேசிய அதிகாரியின் மேசை. அந்நாளில் மலேசியாவுக்குள் போக இந்தியருக்கு விசா வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்புமுன் சென்னையிலேயே அதைப் பெற்று வைத்திருந்தேன். அவர் என் இரு ஆட்காட்டி விரல்களின் ரேகையையும் பதிவு செய்தார். ஏடுகளைப் புரட்டினார். எங்கே தங்குவீர், எத்தனை நாள், கையில் எவ்வளவு பணம் என்று கேட்டார். பிறகு பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார். என்னைப் பெஞ்சியில் இருக்கச் சொன்னார்.

'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்பார்கள். எனக்கோ அவ்விரண்டிலும் கால் இல்லை. ஒரு நாட்டிலிருந்து வெளியேறியவன், மறு நாட்டில் நுழையாதவன். என்னை இன்னார் என்று காட்டும் ஒரே புத்தகமும் கண்ணுக்குத் தெரியாத அறையில் இருந்தது. சுவரிலிருந்த கடிகாரம் என் கைக்கடிகாரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடியது. மலேசிய நேரம் தாய்லாந்து நேரத்துக்கு ஒரு மணி முந்தியது. பட்டர்வொர்த் செல்லும் ரயில் புறப்பட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்கிட முயன்றேன். ஒன்றைக் கூட்டுவதா, கழிப்பதா என்பதே அந்தச் சமயத்தில் மனத்தில் நிற்கவில்லை. யாரும் என்னைக் கடிந்து பேசவில்லை. ஆயினும் நாக்கு வறண்டுவிட்டது. கால் மணி நேரம் சென்றிருக்கும். அதிகாரி திரும்பி வந்து, முத்திரை குத்தி, "போகலாம்" என்றார். ஏன் காக்கவைத்தார் என்பது இன்றளவும் எனக்குத் தெரியாது. எல்லையில் காரணம் கேட்கும் வழக்கம் இல்லை.

அங்கிருந்து மின்சார ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கெடாவின் நெல்வயல்கள் தஞ்சாவூரை நினைவூட்டின. பட்டர்வொர்த்தில் இறங்கிப் பயணப்படகில் ஜார்ஜ் டவுன் சேர்ந்தேன். மறுநாள் காலை துணைத் தூதரகத்தின் ஜன்னலில் தாள்களை நீட்டினேன். அங்கிருந்த அம்மையார் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு தாளைத் தனியே எடுத்து வைத்தார். பள்ளியின் பதிவுச் சான்று நகலில் இயக்குநரின் கையெழுத்து இல்லை. "விண்ணப்பத்தை வைத்துக்கொள்கிறேன். கையெழுத்திட்ட நகல் நாளைக் காலை வர வேண்டும். வராவிட்டால் செவ்வாய்க்கிழமை" என்று சொல்லி, ஒரு ரசீதைக் கொடுத்தார்.

பள்ளிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அலுவலகத்தில் ஒரு பெண் பணியாளர் இருந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் நூறு சொல்லுக்கு மேல் தேறாது. அவர் செய்த காரியத்தை நான் மறப்பதற்கில்லை. இயக்குநரைத் தேடிப் பிடித்து, கையெழுத்து வாங்கி, உறையில் இட்டு, பினாங்குக்குப் புறப்படவிருந்த வேன் ஓட்டுநர் ஒருவரிடம் சேர்ப்பித்துவிட்டார். அன்றிரவு ஒன்பது மணிக்கு, முன்பின் அறியாத அந்த ஓட்டுநர் நான் தங்கியிருந்த விடுதியின் வாயிலில் உறையைக் கொடுத்துவிட்டு, தேநீருக்குக்கூட நில்லாமல் போய்விட்டார்.

உறைக்காகக் காத்திருந்த அந்த மாலையில் தமிழர் வாழும் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தேன். எதிரே ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். வயது இருபத்திரண்டு இருக்கலாம். பேச்சிலேயே நம் ஊர்ப்பக்கம் என்று தெரிந்தது. நான் வந்த காரியத்தைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"நானும் அதுக்குத்தாங்கய்யா போகணும். பார்டரை ஒரு தடவை தாண்டிட்டு வந்தா வேலை விசாவா மாறிடும்னு ஏஜெண்டு சொல்லியிருக்காரு" என்றான்.

"தம்பி, உன் பாஸ்போர்ட்டைக் கொஞ்சம் காட்டு" என்றேன்.

பார்வையாளராக 30 நாள் தங்கலாம் என்றே அதில் இருந்தது. இன்னும் மூன்று நாள் மிச்சம். அப்படி வந்தவர் எத்தனை முறை எல்லையைத் தாண்டினாலும் வேலைக்காரராக மாற முடியாது. வேலைக்கான அனுமதியை முதலாளியே முன்கூட்டி மலேசிய அரசிடம் கேட்டுப் பெற வேண்டும். தாய்லாந்துக்குள் போக அவனிடம் விசாவும் இல்லை. அவன் பத்தாம் வகுப்புத் தேறியவன். அந்த முத்திரையை அவன் ஒரு முறையும் வாசித்துப் பார்த்ததில்லை. வாசிக்க வேண்டிய ஒன்று என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

நான் அதை எழுத்து எழுத்தாகப் படித்துப் பொருள் சொன்னேன். நெடுநேரம் அவன் பேசவில்லை. பிறகு, "அம்மா தாலிக்கொடியை வச்சுக் கொடுத்த பணம் ஐயா" என்றான். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அவனிடம் திரும்பும் விமானச் சீட்டு இருந்தது. எந்தத் தேதிக்குள் புறப்பட வேண்டும் என்பதையும், இடையூறு நேர்ந்தால் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் சென்று ஊரிலிருந்து எனக்குச் செய்தி அனுப்பினான். கெடு முடியுமுன் புறப்பட்டு வீடு சேர்ந்துவிட்டான். பணம் போயிற்று, பாஸ்போர்ட்டில் கறை படியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை என் விசா கிடைத்தது. சனிக்கிழமை பாடாங் பெசாரில் தாய்லாந்து அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "குரூ?" என்று கேட்டார். ஆசிரியருக்கு அவர்கள் மொழியில் குரூ என்றே பெயர். பெரிய ஆசிரியரை ஆச்சான் என்கிறார்கள். நம்முடைய குருவும் ஆசானும்தாம். ஆம் என்றேன். கைகுவித்து வணங்கி முத்திரை குத்தினார். ஜன்னலை விட்டு நகருமுன் அங்கேயே நின்று தேதியைப் படித்து, விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். தொண்ணூறு சரியாக இருந்தது. செவ்வாயன்று பரீட்சைத் தாள்களை நானே வகுப்பில் வழங்கினேன்.

அதற்குப் பிறகு விதிகள் பல மாறிவிட்டன. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர் விசா இல்லாமலே 30 நாள் வந்து தங்க மலேசியா இடம் கொடுத்தது. தாய்லாந்து விசாவுக்கு 2025 தொடக்கத்திலிருந்து இணையத்தின் வழியே விண்ணப்பிக்கும் முறை உலகெங்கும் வந்தது. அவ்வாண்டு மே 1 முதல் வருகைச் சீட்டையும் இணையத்திலேயே நிரப்ப வேண்டியதாயிற்று. ஆகவே என் அனுபவத்தை வழிகாட்டியாகக் கொண்டு எவரும் புறப்பட வேண்டாம். அன்றன்றைய விதியை அந்தந்த அரசிடமே கேட்டறிய வேண்டும், தரகரிடம் அன்று.

மாறாதவை சில உண்டு. முத்திரையை நாமே வாசிக்க வேண்டும். நாட்களை நாமே எண்ண வேண்டும். கெடு முடியும் நாளுக்குச் சில நாள் முன்னதாகவே கிளம்ப வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் வேறிடத்தில் இருக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது ஆற்றுக்கு மட்டும் அன்று.

நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வெளிநாடு போகிறார்கள். பத்தாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஒரு பாஸ்போர்ட்டின் பக்கங்களைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவர்களாக வெளியேற வேண்டும் என்பது என் விருப்பம். விசா என்றால் என்ன, தங்கும் அனுமதி என்றால் என்ன, எந்த அனுமதியுடன் வேலை செய்யலாம், ஆபத்தில் யாரிடம் போகலாம் என்பவற்றைச் சொல்லித்தர ஒரு பாடவேளை போதும். நாட்டுப்படத்தில் எல்லையைக் காட்டும் அதே நாளில் இதையும் சொல்லிக் கொடுக்கலாம். கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரிய நண்பர்கள் இதைத் தங்கள் வகுப்பில் செய்து பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.