நண்டைத் திருப்பிப் பார்ப்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன், வருகைப் பதிவேடு எல்லாம் பேசி முடிச்சாச்சு. இன்னிக்கு நண்டைப் பற்றிப் பேசுவோம். "கரையிலேயே பிறந்த எங்களுக்கு நண்டுப் பாடமா?" என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. வலையில் நண்டு கழற்றுவது நாம்தான். ஆனால் தரம் பிரித்து விலை சொல்வது வியாபாரி. போன மாதம் ஒரு குழுவில் நீல நண்டையும் கண் நண்டையும் ஒரே கூடையில் கொட்டி, எல்லாவற்றுக்கும் குறைந்த விலையைப் போட்டுவிட்டார்கள். கேட்க நமக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

பாக் நீரிணையில் கிடைக்கும் நீந்தும் நண்டுகளில் மூன்றை முதலில் பிரித்துப் பழகுவோம். மூன்றுக்கும் கடைசி ஜோடிக் கால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும்.

நீல நண்டு: ஓட்டின் இரண்டு ஓரத்திலும் ஒன்பது ஒன்பது முள். ஒன்பதாவது மட்டும் நீளமாகப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். ஆண் நீலம், மேலே வெள்ளைத் திட்டு. பெண் மங்கின பச்சையும் பழுப்பும். நிறம் வேறாக இருப்பதால் வேறு நண்டு என்று நினைக்காதீர்கள்.

கண் நண்டு: இதற்கும் ஒன்பது முள்தான். ஆனால் ஓட்டின் பின்பக்கம் வெள்ளை வளையம் போட்ட மூன்று சிவப்புப் பொட்டு இருக்கும்.

சிலுவை நண்டு: ஓட்டில் சிலுவை போல வெளிறிய அடையாளம். ஓரத்தில் ஆறு முள்தான், நீள முள் கிடையாது.

நீல நண்டு என்று ஒன்றாக வைத்திருந்ததை 2010இல் ஆராய்ச்சியாளர்கள் நாலு இனமாகப் பிரித்தார்கள். படித்தவர்களையே குழப்பின நண்டு இது. நாம் கற்றுக்கொள்ள வெட்கப்பட வேண்டாம்.

இப்போ நண்டைத் திருப்புங்க. வயிற்று மடல் ஒடுங்கி இருந்தால் ஆண். முக்கோணமாக இருந்தால் இன்னும் பருவத்துக்கு வராத பெண். அகன்று வட்டமாக இருந்தால் தாய் நண்டு. மடலுக்கு வெளியே பஞ்சு மாதிரி தெரிவது சினை. முதலில் மஞ்சளாக இருக்கும், பிறகு பழுப்பாகும், பொரிக்கும் சமயத்தில் கருத்துவிடும். ஒரு தாயிடம் லட்சக்கணக்கில் முட்டை.

சினையைச் சுரண்டிவிட்டு எடை போடுவது நமக்குள்ளேயும் நடக்குது. குறை சொல்லவில்லை. தவணை நாள் வந்தால் ஒரு நண்டும் பெரிசுதான். ஆனால் வலைக்கு வாங்கின கடனை அடுத்த வருஷமும் இதே கடல்தானே அடைக்கணும்?

ஆகவே இரண்டு வேலை. ஒன்று, இனிமேல் வகைக்கு ஒரு கூடை. எடையையும் விலையையும் குழு நோட்டில் எழுதுவோம். இரண்டு, உயிரோடு கிடைக்கும் சினை நண்டைக் கடலிலேயே விடச்சொல்லி வீட்டில் பேசுவோம். கரைக்கு வந்து கழற்றுவதற்குள் அது செத்துப்போகலாம். எல்லாவற்றையும் விட மனசு வராவிட்டால், கருஞ்சினை நண்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு நோட்டோடு வாங்க. கூடி முடிவெடுப்போம்.